சாதன மேலாண்மை மென்பொருளின் மந்தமும் காரணம் காணும் முறையும்

சிங்கப்பெருமாள் கோவிலினின்று ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையின் மருங்கே தொழிற்சாலைகள் நிறைந்திருத்தலை யாவரும் அறிவர். அவற்றில் இயங்கும் கணினிகள் மிகப் பல. ஒவ்வொன்றினிடத்தும் ஆள் சென்று திருத்தம் இடுதல் அரிதாகலின், எல்லாவற்றையும் ஓரிடத்திலிருந்தே மேற்பார்க்கும் மென்பொருள் வேண்டப்படுகின்றது. அவ்வகையினுள் ஒன்றாகிய எண்ட்பாயிண்ட் சென்ட்ரலை ஆக்கும் ஸோஹோ நிறுவனத்தின் வளாகம், சிங்கப்பெருமாள் கோவிலுக்கு வடக்கே நான்காம் இரயில் நிலையமாகிய கூடுவாஞ்சேரியை அடுத்து உளது. இத்தகைய மென்பொருள் மந்தமுறுங்கால் அதன் காரணத்தைக் காணுமாறு யாங்ஙனம் என்பதை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

மந்தம் ஒரு சிறு தொல்லையே அன்றோ எனின், அன்று. 2017 மார்ச்சு 14ஆம் நாள் மைக்ரோசாப்ட் நிறுவனம், விண்டோஸில் இருந்த குறையொன்றிற்குத் திருத்தம் வெளியிட்டது. மே 12ஆம் நாள் வான்னாகிரை என்னும் தீநிரல் அக்குறையின் வழியே உலகெங்கும் பரவிற்று. இடைப்பட்டவை 59 நாட்களே. திருத்தம் சென்று சேர்ந்த கணினிகளில் அவ்வழி அடைபட்டது. சேராதவை திறந்தே கிடந்தன. ஒரகடத்து ரெனோ-நிசான் ஆலையும் இடருற்றதென அந்நாளைய செய்தித்தாள்கள் உரைத்தன. திருத்தம் உரிய காலத்தில் சேராமைக்குக் காரணங்கள் பல உள. மேலாண்மை மென்பொருளின் மந்தமும் அவற்றுள் ஒன்றாதல் கூடும்.

இனி அதன் அமைப்பை நோக்குவாம். ஒவ்வொரு கணினியிலும் ஏஜெண்ட் என்னும் சிறு நிரல் உளது. எண்ட்பாயிண்ட் சென்ட்ரலில் அது கணினி தொடங்கும்போதும், பின்னர் 90 நிமிடத்திற்கு ஒருமுறையும் சர்வரோடு தொடர்பு கொள்ளும். சர்வர் தான் பெற்ற செய்திகளைத் தரவுத்தளத்தில் எழுதும். ஓர் ஆலையில் 2,700 கணினிகள் உள்ளன எனக் கொள்வோம். அவை சீரான இடைவெளியில் தொடர்பு கொள்ளின், நிமிடத்திற்கு 30 அழைப்புகள் வரும். ஷிப்டு தொடங்கும்போது 10 நிமிடத்திற்குள் அனைத்தும் இயக்கப்படின், நிமிடத்திற்கு 270 வரும். நண்பகலில் விரையும் சர்வர் காலையில் தளர்தல் இதனால் விளங்கும்.

ஆகவே முதற்கண் வினவத்தக்கவை மூன்று: மந்தம் எங்கே? எப்பொழுது? எம்மாற்றத்திற்குப் பின்?

ஒரு கணினியில் மட்டுமாயின், அதன் வட்டையும் ஏஜெண்டையும் சோதித்தல் வேண்டும். சர்வரைக் குறைகூறுதல் பொருந்தாது. ஒரு கிளையில் மட்டுமாயின், இணைப்பை நோக்குக. அங்குள்ள 100 கணினிகளும் 500 எம்.பி. திருத்தமொன்றைத் தலைமைச் சர்வரிலிருந்து தனித்தனியே இறக்கின், 50,000 எம்.பி. அவ்விணைப்பைக் கடத்தல் வேண்டும். கிளையிலேயே விநியோகச் சர்வர் ஒன்றை நிறுவின், 500 எம்.பி. ஒருமுறை வந்தாற் போதும். எங்கணும் மந்தமாயின், சர்வரின் நினைவகம், வட்டு, தரவுத்தளம் என்னும் மூன்றையும் அளந்து, எது நிரம்பியது எனக் காண்க. பயனற்ற பழம்பதிவுகள் குவிந்திருப்பினும், வைரஸ் தடுப்பு நிரல் தரவுத்தளக் கோப்புகளை ஓயாது சோதிப்பினும் வேகம் குன்றும்.

குறித்த வேளையில் மட்டும் மந்தமாயின், காப்புநகல் எடுத்தல், திருத்தச் சோதனை, பொருட்கணக்கெடுப்பு ஆகியன ஒரே மணிக்கு அமைந்துள்ளனவா எனப் பார்த்து, வெவ்வேறு வேளைக்குப் பிரித்தல் தகும்.

சர்வரை நிறுத்தி மீண்டும் தொடங்கினால் பெரும்பாலும் உடனே நலம் பிறக்கும். ஆயின் நினைவகத்தை எது விழுங்கிற்று என்னும் தடயமும் அதனோடு அழிந்துவிடும், நோயோ மீளும். ஆதலின் லாக் கோப்புகளையும் அளவுகளையும் முன்னரே எடுத்து வைத்தல் இன்றியமையாதது. அன்றியும், ஒரு வேளையில் ஒரு மாற்றமே செய்து, அதற்கு முன்னும் பின்னும் ஆகிய நேரத்தைக் குறித்தல் வேண்டும். பல மாற்றங்களை ஒருங்கே செய்தார்க்கு எது பயன் தந்தது என்பது புலப்படாது.

திருக்குறளின் மருந்து அதிகாரத்தைப் பயின்றார்க்கு இம்முறை புதிதன்று. பெரிய சர்வர் வாங்குதல் ஈற்றில் எண்ணத்தக்கதே அன்றி முதலில் எண்ணத்தக்கதன்று என்க.