தொலைநகல்: அனுப்பியது வேறு, சேர்ந்தது வேறு



லினக்ஸ் கணினியிலிருந்தே கொள்முதல் கடிதத்தைத் தொலைநகலாக அனுப்பலாம். தொலைபேசிக் கம்பியில் இணைத்த பேக்ஸ் மோடமும் ‘ஹைலாபேக்ஸ்’ என்னும் நிரலும் வேண்டும். லிப்ரே ஆபீஸில் எழுதிய கடிதத்தைப் பி.டி.எப். ஆக்கி, பெறுபவரின் எண்ணோடு நிரலிடம் ஒப்படையுங்கள்.

சாதாரண முறையில் அங்குல உயரத்துக்கு 98 கோடுகளே பதியும். சிறிய எழுத்தாயின், 30 மூட்டை வெங்காயம் 80 மூட்டையாகத் தோன்றலாம். ஆகவே 196 கோடுகள் கொண்ட நுண்முறையையே தேர்ந்துகொள்க.

ஒப்படைத்ததும் நிரல் ஒரு வேலை எண் தரும். அது வரிசையில் நிற்பதற்கான சீட்டு. சேர்ந்ததற்கான ரசீது அன்று. எதிர்முனையில் கம்பி ஒழியாவிடில் நிரல் தானே மீண்டும் முயலும். சேர்ந்ததும் மின்னஞ்சலில் அறிவிக்குமாறு முன்பே பணித்துவிடுங்கள். அவ்வறிவிப்பில் பக்கக் கணக்கு சரியா என்று பார்த்த பின்னரே கடிதத்தைக் கோப்பில் சேருங்கள்.