தட்டணுப் பையும் கிருமிச் சோதனையும்

2024 அக்டோபரில் ஒரு மாலை. நம் சங்கத்து இளைய மாணவர் ஒருவரின் தந்தைக்குத் தட்டணு வேண்டும் என்று செய்தி வந்தது. இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சைக்காக அவரை இந்நகருக்கு அழைத்து வந்திருந்தார்கள். சொந்தபந்தம் இல்லாத ஊரில் நாம்தானே ஒருவருக்கொருவர் உறவு! உடனே ஓடினேன். அங்கே தந்த படிவத்தில், அண்மையில் பல் பிடுங்கியதுண்டா என்றொரு வினா இருந்தது. முந்தின நாள்தான் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கியிருந்தேன். இது என்ன பெரிய காரியம் என்று எண்ணி, 'இல்லை' என்று எழுதிவிட்டேன். ஊசி குத்துமுன் மனம் உறுத்திற்று. மருத்துவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை, ஆனால் என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார். எனக்குப் பதில் என் அறைத்தோழர் கொடுத்தார். அதன் காரணத்தைத் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

தட்டணு என்பது யாது? மருத்துவமனையில் பிளேட்லெட் என்பார்கள். குருதியை உறையச் செய்து காயத்தை அடைக்கும் நுண்துகள் அது. நலமுள்ளவரின் குருதியில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 1,50,000 முதல் 4,50,000 வரை இருக்கும். புற்றுநோய் மருந்துகளால் இது மிகவும் குறைந்தால், காயமின்றியே குருதி கசியக்கூடும்.

சிவப்பணுக்களை 2 முதல் 6 டிகிரி செல்சியஸ் குளிரில் வாரக்கணக்கில் வைக்கலாம். தட்டணுக்களை அப்படிக் குளிரவைத்தால், நோயாளிக்கு ஏற்றியபின் அவை விரைவில் அழிந்துபோகும். ஆகவே வழக்கமாக 20 முதல் 24 டிகிரியில், ஓயாமல் மெல்ல அசைத்துக்கொண்டு, 5 நாள் வரை வைக்கிறார்கள். அந்த இதமான சூடு பாக்டீரியாவுக்கும் உகந்ததாகிவிடுகிறது. இங்குதான் தொல்லை பிறக்கிறது.

ஒரு பையில் 10 கிருமிகள் நுழைந்தன. மணிக்கொருமுறை இரட்டிக்கின்றன என்று கொள்வோம். 10 மணி நேரத்தில் 10,240 ஆகும்; 20 மணி நேரத்தில் ஒரு கோடியைத் தாண்டும். புற்றுநோய் மருந்தால் வெள்ளணுக்களும் குறைந்து, எதிர்ப்புச் சக்தி இழந்து கிடப்பவருக்கு அதை ஏற்றினால் என்ன ஆகும்? உயிருக்கே ஆபத்து.

அப்படியானால் சோதித்துப் பார்க்கலாமே என்பீர்கள். சோதிக்கிறார்கள். பையிலிருந்து சிறிது எடுத்து, கிருமி வளரும் சத்துநீர்ப் புட்டிகளில் விடுவார்கள். கிருமி பெருகினால் கரியமில வாயு உண்டாகும், புட்டியின் அடியிலுள்ள வில்லை நிறம் மாறும், கருவி எச்சரிக்கும். ஆனால் எப்போது எடுப்பது? 250 மில்லிலிட்டர் பையில் 10 கிருமிகளே இருக்கையில் 8 மில்லிலிட்டர் எடுத்தால், பத்தில் ஏழு தடவை ஒரு கிருமியும் அகப்படாது. அவை பெருகட்டும் என்று ஒரு நாளோ அதற்கு மேலோ காத்திருந்தால், தட்டணுவின் 5 நாள் ஆயுளில் அந்நேரம் கழிந்துபோகும். இந்த இழுபறிக்கிடையேதான் சோதனை நடக்கிறது. இங்கிலாந்தில் 2011 முதல் இவ்வாறு சோதித்து வருகிறார்கள். நம் நாட்டில் கட்டாயச் சோதனைகள் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, மேகநோய், மலேரியா ஆகியவற்றுக்கே. ஒவ்வொரு பைக்கும் கிருமி வளர்ப்புச் சோதனை அப்பட்டியலில் இல்லை.

ஆகவே கிருமி நுழையாமல் தடுப்பதே முதற்காவல். அது நுழையும் வழி இரண்டு. ஒன்று, கொடுப்பவரின் தோல். அதனால்தான் கையை மருந்திட்டுத் துடைத்து, அது உலரும்வரை காத்திருக்கிறார்கள். ஊசியோடு பெயர்ந்துவரும் தோல் துணுக்கு பையில் சேராதபடி, முதலில் வரும் சில மில்லிலிட்டர் குருதியைத் தனிச் சிறுபையில் ஒதுக்குவதும் உண்டு. மற்றொன்று, கொடுப்பவரின் குருதியே. பல் பிடுங்கிய புண்ணிலிருந்தும், குடல் நோயிலிருந்தும் கிருமிகள் குருதியில் கலக்கலாம். நமக்கோ ஒரு துன்பமும் தெரியாது. இதைக் கண்டுபிடிக்கத் துடைக்கும் மருந்தால் ஆகாது. நம் வாய்ச்சொல் ஒன்றே வழி.

நண்பர்களே, குருதி கேட்டு அழைப்பு வந்தால் தயங்காமல் செல்லுங்கள். படிவத்தின் ஒவ்வொரு வினாவுக்கும் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். திருப்பி அனுப்பினால் வெட்கப்பட வேண்டாம். உடன் இன்னொருவரை அழைத்துச் செல்லுங்கள். அன்று நான் கொடுக்காமல் வந்ததும் அந்தத் தந்தைக்குச் செய்த உதவியே என்று இப்போது உணர்கிறேன்.