உப்புக்காற்றா, டிரைவரா?

நெடுந்தீவில் ஒரு பழைய மடிக்கணினியின் வைஃபை நின்றுவிட்டால், "உப்புக்காத்து அரிச்சுப்போட்டுது" என்ற தீர்ப்புத்தான் முதலில் வரும். கடற்காற்று உலோகத்தை அரிப்பது உண்மைதான். ஆனால் வெளிநாட்டுச் சொந்தங்கள் அனுப்பிய பழைய மடிக்கணினிகளை இங்கே திருத்திப் பார்த்தவரையில், பலவற்றில் பிழை டிரைவரிலேயே, அதாவது கருவியை இயக்கும் மென்பொருளிலேயே, இருந்தது. விண்டோஸ் 7 காலத்து வைஃபை கார்டுக்கு, விண்டோஸ் 10 தானாகத் தெரிவுசெய்யும் டிரைவர் சிலவேளை பொருந்துவதில்லை. திருத்தக் கொண்டுபோவதென்றால் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு ஏறத்தாழ ஒரு மணிநேரக் கடற்பயணம், பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பஸ். படகேறுமுன் வீட்டிலேயே இவற்றைச் செய்து பாருங்கள்.

கார்டு உயிரோடு இருக்கிறதா? டிவைஸ் மேனேஜரைத் திறவுங்கள். மஞ்சள் அடையாளத்தோடு கார்டு தெரிந்தால், பெரும்பாலும் டிரைவர்தான் சிக்கல். கோட் 28 என்றால் டிரைவரே இல்லை. கோட் 10 என்றால் கருவி இயங்கத் தொடங்கவில்லை. பட்டியலில் கார்டே இல்லையென்றால்தான் அரிப்பையும் கழன்ற இணைப்பையும் சந்தேகிக்க வேண்டும்.

மொடல் பெயரை நம்பவேண்டாம். ஒரே மொடலுக்குள் வெவ்வேறு கார்டுகள் இருக்கும். டிவைஸ் மேனேஜரில் கார்டின் பிராப்பர்டீஸைத் திறந்து, டீடெய்ல்ஸ் பகுதிக்குப் போய் ஹார்ட்வேர் ஐடியைப் பாருங்கள். 8086 என்றால் இன்டெல், 10இசி ரியல்டெக், 14இ4 பிராட்காம், 168சி அதெரோஸ். அந்த ஐடியை அப்படியே கொடுத்துத் தேடுங்கள்.

வைஃபை இல்லாமலும் இணையம் உண்டு. கைப்பேசியைக் கேபிளால் இணைத்து யுஎஸ்பி டெதரிங்கை இயக்கினால் போதும்.

பழைய டிரைவரைக் கையால் தெரிவுசெய்யுங்கள். "அப்டேட் டிரைவர்" என்பதில் கணினியிலுள்ள பட்டியலைத் திறந்தால் பழைய பதிப்பும் சிலவேளை இருக்கும். விண்டோஸ் 7க்கான டிரைவரே 10இல் வேலைசெய்வதும் உண்டு; 32 பிட்டா, 64 பிட்டா என்பது மட்டும் பொருந்தவேண்டும். தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே இறக்குங்கள். "எல்லா டிரைவரையும் புதுப்பிக்கிறோம்" என்று வரும் இலவச மென்பொருள்களைத் தொடவேண்டாம்.

பென்ட்ரைவில் லினக்ஸ் மின்ட் வைத்திருங்கள். நிறுவாமலே இயக்கிப் பார்க்கலாம். அதில் வைஃபை பிடித்தால் கார்டு நல்லது என்று உறுதியாகிவிடும். பிராட்காம் கார்டு சிலவற்றுக்கு அங்கும் தனி டிரைவர் வேண்டும். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாந்தலைமுறைச் சில்லாவது வேண்டும். ஆகவே பழைய இயந்திரத்துக்கு லினக்ஸ் நிரந்தர வழியாகவும் அமையும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இயங்குதளத்தை மாற்றுமுன் விண்டோஸ் கோப்புறைக்குள், சிஸ்டம்32, டிரைவர்ஸ்டோர் வழியாகப் போய், டிரைவர்கள் இருக்கும் பைல்ரெப்பாசிட்டரியை முழுதாகப் பிரதியெடுத்து வையுங்கள். பொருந்திய டிரைவரை ஹார்ட்வேர் ஐடியின் பெயரிலேயே சேமியுங்கள். அதே கார்டுள்ள மடிக்கணினி அடுத்த வீட்டுப் பிள்ளையிடமும் இருக்கக்கூடும். அந்தப் பிள்ளையின் படிப்பு ஒரு டிரைவருக்காக நின்றுவிடக் கூடாது.