முதலில் எந்தக் கை?

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது 2022 ஆடி மாதத்தில். பதினோரு நாள் ஆஸ்பத்திரி. இடது கையும் காலும் வரவில்லை. பேச்சு மட்டும் தப்பியது. டிஸ்சார்ஜ் எழுதிக்கொண்டிருந்த டாக்டர், "வீட்டுல பாத்துக்க ஆள் இருக்காங்கல்ல?" என்று தலை நிமிராமல் கேட்டார். நானும் தலையாட்டிவிட்டேன். மதுரை வீட்டில் அம்மா மட்டும்தான். அப்பா போய் ஆறு வருடம். எனக்குச் சென்னையில் வங்கி வேலை, தம்பி மஸ்கட்டில். எங்களோடு வந்துவிடச் சொன்னால், "இந்த வாசலை விட்டு எங்கயும் வரமாட்டேன்டி" என்பதுதான் எப்போதும் பதில்.

ஆஸ்பத்திரி வாசல் மருந்துக்கடையில் ஒரு ஏஜென்சியின் விசிட்டிங் கார்டு கிடைத்தது. போன் செய்தேன். "நாளைக்கே ஆள் வந்துரும் மேடம்" என்றார்கள். அம்மாவுக்கு என்ன நோய், எவ்வளவு எடை, விழுங்க முடிகிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று இருந்த நிலையில் அதைச் சுறுசுறுப்பு என்றுதான் நினைத்தேன். ஒரு மாத அட்வான்ஸ், அதற்கு மேல் பதிவுக் கட்டணம் 3,000 ரூபாய். ரசீது தரவில்லை, நானும் கேட்கவில்லை.

வந்தது இருபது வயதுகூட நிரம்பாத ஒரு பெண். வேறு மாநிலம், தமிழ் தெரியாது, மதுரைக்கு வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. வீட்டு வேலை என்று சொல்லித்தான் கூட்டி வந்திருக்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது. நான்காம் நாள் அம்மாவை எழுப்ப, விழுந்துபோன இடது கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். தோள் வலி மூன்று மாதம் போகவில்லை. ஒன்பதாம் நாள் அம்மாவைக் குளிப்பாட்டும்போது முதுகெலும்பின் அடியில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு சிவப்பைப் பார்த்தேன். விரலால் அழுத்தினேன். அழுத்தினால் வெளுத்துவிட்டுத் திரும்பச் சிவக்க வேண்டும்; வெளுக்கவே இல்லை. படுக்கைப் புண்ணின் முதல் அடையாளம் அது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்று அந்தக் குழந்தைக்கு யாருமே சொல்லித்தரவில்லை. பன்னிரண்டாம் நாள் ஊருக்குக் கிளம்பிவிட்டாள். அதன்பிறகு ஏஜென்சி போனை எடுக்கவில்லை. அட்வான்ஸும் வரவில்லை.

அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் இல்லை, அன்றும் இல்லை. அவளை அப்படி அனுப்பியவர்கள்மேல் இன்றும் இருக்கிறது.

இரண்டாவது தடவை மூன்று வாரம் லீவு போட்டுவிட்டு, நானே அம்மாவைப் பார்த்துக்கொண்டு ஆள் தேடினேன். முதலில் ஒரு குழப்பம் தீர்ந்தது. விளம்பரங்களில் 'ஹோம் நர்ஸ்' என்று போடுகிறார்கள். வருகிறவர் பெரும்பாலும் நர்ஸ் இல்லை, உதவியாளர். நர்ஸ் என்றால் படித்து, தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்தவர். டிப்ளமோ படிப்பே மூன்று வருடம். மூக்கு வழிக் குழாய் போடுவது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது, ஊசி போடுவது எல்லாம் அவர் வேலை. குளிப்பாட்ட, ஊட்ட, திருப்பிப் படுக்க வைக்க, பாத்ரூம் கூட்டிப்போக நல்ல உதவியாளர் போதும். அம்மாவுக்குத் தேவைப்பட்டது உதவியாளர்தான். நர்ஸுக்கான பணத்தைக் கொடுத்து உதவியாளரை வாங்கிவிடக் கூடாது. பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொன்னால் இரண்டு நிமிடத்தில் விஷயம் தெரிந்துவிடும்.

ஐந்து ஏஜென்சிகளிடம் பேசினேன். மூன்று பேர் எடுத்த எடுப்பில் ரேட் சொன்னார்கள். ஒரு இடத்தில் மட்டும், "அம்மாவைப் பாக்காம சொல்ல முடியாதுங்க" என்று சொல்லி, வயதான நர்ஸ் ஒருவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் கட்டிலின் உயரத்தைப் பார்த்தார், பாத்ரூம் வாசல்படியைக் காலால் தடவிப் பார்த்தார். பிறகு நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என்னிடம் இல்லை, அம்மாவிடம் கேட்டார்: "காலைல எத்தனை மணிக்கு எந்திரிப்பீங்கம்மா?"

"நாலரை" என்றார் அம்மா. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு யாரும் அவரிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். என் பாதி முடிவு அங்கேயே ஆகிவிட்டது.

மீதிப் பாதி, பணத்தைப் பற்றிய ஒரு கேள்வியில் ஆனது. "மாசம் நான் தர்றதுல வர்ற ஆள் கைக்கு எவ்வளவு போகும்?" ஒருவர் சிரித்தார், ஒருவர், "அது எங்க உள்விவகாரம்" என்றார். நர்ஸை அனுப்பியவர்கள் எழுதியே கொடுத்தார்கள்: நான் தருவது 24,000, வரும் ஆளின் கணக்கில் ஏறுவது 17,000. பாதிகூடக் கைக்கு வராத பெண், அடுத்த வீட்டில் ஆயிரம் ரூபாய் கூடக் கிடைத்தால் போய்விடுவார். போகத்தான் செய்வார். ஆளைத் தக்கவைத்துக்கொள்ளத் தெரியாத ஏஜென்சி நமக்கு மாதம் ஒரு புதுமுகத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். தன் உடம்பை அந்நியர் தொடுவதற்கு ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து பழக வேண்டியவர் அம்மா.

தூக்கத்தையும் அப்படித்தான் கேட்க வேண்டும். '24 மணி நேர ஆள்' என்கிறார்கள். 24 மணி நேரமும் விழித்திருக்கும் மனிதர் உண்டா? இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் எழுந்து திருப்ப வேண்டிய நோயாளிக்கு ஒரே ஆள் போதாது. எங்கள் வீட்டில் முதல் மாதம் இரவு முறையை நானும் சித்தியும் பிரித்துக்கொண்டோம். ஏர் பெட் வாங்கினோம். ஆனால் அது இருந்தாலும் திருப்பத்தான் வேண்டும். கட்டிலில் கம்பி பொருத்தி, வலது கையால் பிடித்துத் தானே புரள அம்மா பழகிய பிறகுதான் ஒரு ஆளால் சமாளிக்க முடிந்தது. அந்த ஆளுக்கு ஆறு மணி நேரமாவது தொடர்ந்த தூக்கம், வாரத்தில் அரை நாள் ஓய்வு, படுக்கத் தனிக் கட்டில் என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொன்னேன்.

ஒப்பந்தத்தில் வேறு இரண்டு வரிகளை நிறுத்திப் படியுங்கள். ஆள் பாதியில் நின்றால் மீதிப் பணம் எத்தனை நாளில் திரும்பும். மாற்று ஆள் எத்தனை மணி நேரத்தில் வருவார். "உடனே அனுப்புவோம்" என்று எல்லோரும்தான் சொல்வார்கள். ஏற்கனவே ஆள் வைத்திருக்கும் இரண்டு குடும்பங்களின் நம்பரை வாங்கி, "தீபாவளிக்கு என்ன பண்ணாங்க?" என்று கேளுங்கள். அது போதும்.

ஆதார் நகலும் போலீஸ் சரிபார்ப்பும் கட்டாயம். அதோடு, ஆள் வருவதற்கு முன்பே நகையை லாக்கருக்குக் கொண்டுபோய்விடுங்கள். நம் வீட்டில் எதையோ எங்கேயோ வைத்துவிட்டு, பிழைக்க வந்தவரைச் சந்தேகப்படும்படி ஆகக் கூடாது. கேமரா வைக்கச் சொல்லித் தம்பி பிடிவாதம் பிடித்தான். ஹாலில் வைத்தோம், வேலைக்கு வந்தவரிடம் சொல்லிவிட்டே வைத்தோம். அம்மாவின் அறையில் வைக்கவில்லை. அங்கேதான் அம்மாவுக்கு உடை மாற்றுகிறார்கள். மகனும் மகளும் போனில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய இடம் இல்லை அது.

எல்லாவற்றையும் ஏஜென்சியிடமே விலைக்கு வாங்க வேண்டியதும் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது, பிசியோதெரபியும் உண்டு. பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தோம், ஆள் வந்தார்கள். முதியோருக்கான உதவி எண் 14567-ஐயும் போனுக்குப் பக்கத்துச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

அந்த ஏஜென்சியிலிருந்து வந்தவர் கமுதிப் பக்கத்துக்காரர், நாற்பது வயது. அந்த நர்ஸம்மா முன்னாலேயே அவரிடம் கேட்டேன், "நைட்டி போடும்போது முதல்ல எந்தக் கையை விடுவீங்க?"

"வராத கையைத்தான்க்கா. கழட்டும்போது அதைக் கடைசியா" என்றார் சட்டென்று.

பிசியோதெரபிஸ்ட் எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம் அது. பக்கவாதம் வந்தவர்களைப் பார்த்துக்கொண்ட அனுபவம் உண்டா என்று கேட்டால் எல்லோரும் உண்டு என்பார்கள். உங்கள் வீட்டு நோய்க்கு இப்படி ஒரு கேள்வி இருக்கும். டாக்டரிடமோ தெரபிஸ்டிடமோ கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மூக்குக் குழாய் வழியே உணவு என்றால், கொடுத்து முடித்த பிறகு எவ்வளவு நேரம் சாய்த்து உட்கார வைப்பீர்கள் என்று கேட்கலாம். உடனே படுக்க வைப்பேன் என்கிறவர் வேண்டாம்.

எண்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கட்டில் காலில் கட்டினோம். என்ன சாப்பிட்டார், எந்த மாத்திரை எப்போது, வெளிக்குப் போனாரா, தோலில் எங்காவது சிவந்திருக்கிறதா. இரவு ஒன்பதுக்கு அந்தப் பக்கத்தின் போட்டோ எனக்கும் தம்பிக்கும் வரும். ஒரு நாள் 'ஒன்னுக்கு ரெண்டு தரம்தான். மஞ்சளா இருக்கு' என்று எழுதியிருந்தார். மறுநாளே பரிசோதித்தோம், சிறுநீர்த் தொற்று. காய்ச்சல் வரும் முன்பே பிடித்துவிட்டோம்.

இந்தப் பொங்கலுக்கு அவர் ஐந்து நாள் ஊருக்குப் போனார். மாற்று ஆள் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார். அந்த ஒரு நாள் இரண்டு பேரும் சேர்ந்து இருக்க வேண்டும் என்பதும் நாங்கள் எழுதி வாங்கியதுதான். நானும் அன்று மதுரையில் இருந்தேன். குளித்து முடித்த அம்மாவுக்குப் புதியவர் நைட்டியை எடுத்துக்கொண்டு வந்து, எப்படி ஆரம்பிப்பது என்று ஒரு கணம் தயங்கினார். கமுதிக்காரர் வாயைத் திறப்பதற்குள், அம்மா வலது கையால் இடது கையைத் தூக்கி அவர்முன் நீட்டினார்.

"இதுதான் முதல்ல, ஆத்தா" என்றார்.