பேஸ்பால் ஸ்கவுட் ஆவதற்கு வழி

அமெரிக்காவில் பள்ளி, கல்லூரி பேஸ்பால் வீரர்களை மதிப்பிட்டு அணிகளுக்குச் சொல்லும் ஸ்கவுட் வேலையில், தொழில்முறையாக ஆடாத ஒருவர் சேர முடியுமா? (வாசகர், பாஸ்டன்)

தாராளமாக முடியும். ஸ்டாப்வாட்சும் பந்தின் வேகத்தை அளக்கும் ரேடார் கருவியுமாக ஆட்டங்களுக்குச் சென்று, பந்தடித்தல், அடியின் வலிமை, ஓட்டம், எறிதல், பந்துபிடித்தல் ஆகிய ஐந்து திறன்களுக்கும் 20 முதல் 80 வரையிலான அளவுகோலில் (இதில் 50 என்பது மேஜர் லீக் சராசரி) மதிப்பெண் இட்டு அறிக்கை எழுதிப் பழகுவதே முதல் படி. வலக்கை மட்டையாளர் பந்தை அடித்த கணத்திலிருந்து சுமார் 4.3 நொடியில் முதல் தளத்தைத் தொட்டால், அது சராசரி ஓட்டம். அறிக்கைகள் சில சேர்ந்தபின், ஒரு வட்டாரத்தின் பொறுப்பை ஏற்றிருக்கும் ஏரியா ஸ்கவுட்டை மைதானத்திலேயே அணுகி, அவருக்குத் துணைபுரியும் அசோசியேட் ஸ்கவுட்டாகச் சேரலாம். அப்பணிக்குப் பெரும்பாலும் சம்பளம் இராது என்பதால், இப்போதைய வேலையை விடாதிருப்பது வயிற்றுக்கு நல்லது.