மனிதர் நலமும் பிராணிகள் நலமும்

வாயில்லாப் பிராணிகளுக்கு இரக்கம் காட்ட வேண்டும் என்று சொன்னால் மறுப்பவர் யாருமில்லை. ஆனால் காட்டு விலங்குகளைக் காப்பதற்குப் பணமும் ஆளும் செலவாகின்றன என்று கேள்விப்பட்டதும், "மனிதர்களே மருந்துக்கும் சோற்றுக்கும் வழியின்றித் தவிக்கும்போது விலங்குகளுக்கு என்ன அவசரம்?" என்று கேட்போர் நம்மில் பலருண்டு. இக்கேள்வி நியாயமற்றதன்று. எனினும் மனிதர் நலம் தராசின் ஒரு தட்டிலும், பிராணிகள் நலம் மறு தட்டிலும் இருப்பதாகவும், ஒன்று உயர்ந்தால் மற்றொன்று தாழ்ந்தே தீரும் என்றும் ஓர் எண்ணம் இதற்குள் மறைந்திருக்கிறது. அது சரிதானா என்பதை, ஆப்பிரிக்காவின் உகாண்டா நாட்டில் நடந்த ஒரு விஷயத்தைக் கொண்டு ஆராய்வோமாக.

சிரங்கு கண்ட கொரில்லா

உகாண்டாவின் தென்மேற்கு மூலையில் புவிண்டி என்னும் அடர்ந்த மலைக்காடு இருக்கிறது. 1991ஆம் ஆண்டில் அது தேசியப் பூங்காவாக்கப்பட்டது. உலகில் எஞ்சியுள்ள மலைக் கொரில்லாக்களில் ஏறக்குறையப் பாதி இக்காட்டில்தான் வாழ்கின்றன. காட்டைச் சுற்றிலும் ஜனநெருக்கம் மிகுந்த ஏழைக் கிராமங்கள். காடு முடிகிற இடத்திலேயே வாழைத் தோட்டம் தொடங்கிவிடும்.

1996ஆம் ஆண்டில் அங்குள்ள கொரில்லாக்கள் சில முடி உதிர்ந்து, தோல் வெளுத்துச் செதில் செதிலாகி, ஓயாமல் சொறிந்துகொண்டிருப்பதைக் காவலர்கள் கண்டார்கள். அந்நாட்டு வனவிலங்குத் துறையின் கால்நடை வைத்தியராக அவ்வாண்டில்தான் பொறுப்பேற்றிருந்த கிளாடிஸ் கலேமா என்னும் இளம்பெண், மனிதருக்கு வைத்தியம் செய்யும் நண்பர் ஒருவரிடம், "ஜனங்களிடம் அதிகமாகக் காணப்படும் தோல் வியாதி எது?" என்று கேட்டார். "சிரங்கு" என்பதே பதில். கொரில்லாக்களுக்கும் அதே சிரங்குதான் கண்டிருந்தது. குட்டி ஒன்று மாண்டுபோயிற்று. மருந்து கொடுக்கப்பட்ட ஏனையவை பிழைத்துக்கொண்டன.

இவ்வியாதி காட்டுக்குள் எவ்வாறு சென்றது? கொரில்லாவின் மரபணு 100க்கு 98 பங்குக்கு மேல் மனித மரபணுவை ஒத்தது. ஆகவே நம் வியாதிகள் அதனை எளிதில் பற்றிக்கொள்ளும். கொரில்லாக்கள் வாழையைத் தேடிக் காட்டைவிட்டு வெளியே வரும். பயிரைக் காக்க நிறுத்திய பொம்மைகளுக்குக் குடியானவர்கள் தங்கள் பழைய கந்தைகளை உடுத்தியிருந்தார்கள். அக்கந்தையில் இருந்த சிரங்கு உண்ணிகளே கொரில்லாவின் மேல் ஏறியிருக்க வேண்டும் என்பது ஆராய்ந்தவர்களின் முடிவு.

வைத்தியர் கண்ட வழி

கொரில்லாவுக்கு மட்டும் மருந்து போட்டு என்ன பயன்? கிராமத்தில் சிரங்கு இருக்கும்வரை காட்டிலும் சிரங்கு வரும். துவைத்து உடுத்தத் தண்ணீரும் மாற்றுடையும் அருகில் வைத்தியசாலையும் இல்லாதவனைப் பார்த்து, "உன் அழுக்கால் கொரில்லா சாகிறது" என்று சொல்வது அறமுமாகாது. இதனை உணர்ந்த அவ்வைத்தியர், பொதுச் சுகாதாரத்தின் மூலம் இயற்கையைக் காப்பது எனப் பொருள்படும் பெயரில் 2003ஆம் ஆண்டில் தோழர்களுடன் ஒரு சங்கத்தை நிறுவினார்.

அச்சங்கத்தின் வேலை இரு கைகளாலும் நடைபெறுகிறது. கொரில்லாக்கள் இரவில் உறங்கிய இடங்களிலிருந்து சாணத்தை எடுத்துச் சோதித்து, வியாதியை முன்கூட்டியே அறிகிறார்கள். கிராமத்துத் தொண்டர்கள் வீடு வீடாகச் சென்று, கை கழுவுதல், சுத்தமான நீர், காசநோய், குடும்ப நலம் ஆகியவற்றைப் பற்றி எடுத்துச் சொல்கிறார்கள். கொரில்லா தோட்டத்துக்குள் வந்தால் தகவல் தருபவர்களும் அவர்களே. காட்டோரத்தில் காப்பி பயிரிடுவோருக்கு நல்ல விலை கிடைக்கவும் ஏற்பாடு செய்தார்கள். வயிறு நிறைந்தவன் விறகுக்கும் வேட்டைக்கும் காட்டில் நுழைய வேண்டியதில்லை அல்லவா?

பலன் என்ன? புவிண்டியில் 2011ஆம் ஆண்டில் 400 கொரில்லாக்கள் எண்ணப்பட்டன. 2018ஆம் ஆண்டுக் கணக்கில், அதனை ஒட்டிய காங்கோ நாட்டுக் காட்டையும் சேர்த்து, 459 ஆயின. காவலர்களும் பிற சங்கங்களும் சேர்ந்து உழைத்ததன் பலன் இது. ஆனால் சுற்றியுள்ள ஜனங்களைப் பகைத்துக்கொண்டு இதனைச் சாதித்திருக்க முடியாது.

ஒரு குறையையும் மறைக்கலாகாது. அக்காட்டில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்த பத்வா மக்கள், பூங்கா அமைந்தபோது வெளியேற்றப்பட்டார்கள். விலங்குக்குக் காடு கிடைத்தது. அவர்களிற் பலருக்கோ நிற்க நிலம் கிடைக்கவில்லை. மனிதனை மறந்த பிராணிப் பாதுகாப்பு அரைப் பாதுகாப்பேயாகும்.

நம் நாட்டு அனுபவம்

இவையெல்லாம் எங்கோ தூரத்தில் நடப்பவை என்று எண்ண வேண்டாம். 1998-99ஆம் ஆண்டுகளில் மலேசியாவில் பரவிய நீப்பா வியாதியை மறந்திருக்க மாட்டோம். அது நெகிரி செம்பிலானில் உள்ள சுங்கை நீப்பா கிராமத்தின் பெயரைப் பெற்றது. கொட்டகைகளை ஒட்டிப் பழமரங்கள் வளர்த்த பன்றிப் பண்ணைகளில், பழந்தின்னி வௌவால்களிடமிருந்து பன்றிகளுக்கும், பன்றிகளிடமிருந்து தொழிலாளர்களுக்கும் அக்கிருமி தொற்றிற்று. மலேசியாவில் 265 பேர் நோயுற்று 105 பேர் மாண்டனர். சிங்கப்பூரில் இறைச்சிக்கூடத் தொழிலாளர் 11 பேருக்குத் தொற்றி ஒருவர் இறந்தார். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. புவிண்டியில் மனிதரிடமிருந்து விலங்குக்குச் சென்றது வியாதி. இங்கே விலங்கிடமிருந்து மனிதருக்கு வந்தது. வழி ஒன்றே, திசைதான் வேறு.

நாம் பெறும் பாடங்கள்

1. பிராணியின் நோயும் மனிதனின் நோயும் அடுத்தடுத்த வீடுகள். ஒன்றில் தீப்பற்றினால் மற்றொன்று தப்பாது.

2. பிராணியைக் காக்க விரும்புவோர், அதன் பக்கத்தில் வாழும் ஏழையின் குடிநீரையும் கூலியையும் முதலில் விசாரிக்க வேண்டும்.

3. வீட்டில் பூனை, கோழி, ஆடு வளர்ப்போர் கூட்டைச் சுத்தமாக வைப்பதும், நோய் கண்டவுடன் வைத்தியரிடம் காட்டுவதும் பிராணிக்குச் செய்யும் தயவு மட்டுமல்ல. தம் பிள்ளைகளுக்குச் செய்யும் பாதுகாப்புமாகும்.

முதலில் கேட்ட கேள்விக்கு இப்பொழுது பதில் கிடைத்துவிட்டது. மனிதர் நலமும் பிராணிகள் நலமும் எதிரெதிர்த் தட்டுகள் அல்ல. ஒரே வண்டியின் இரு சக்கரங்கள். சகோதரர்கள் இதனைத் தம் இல்லத்தாருக்கும் பிள்ளைகளுக்கும் எடுத்துரைப்பார்களாக.