திதி வேறு, திகதி வேறு

திருகோணமலை

அன்பு மகன்,

உன் செய்தி கிடைத்தது. அப்பாவின் ஆட்டைத் திவசம் முடிந்து வருகிற முதல் ஆடி அமாவாசை. ஊரிலிருந்து கொண்டுபோன கலண்டர் ஒரு நாளைக் காட்டுகிறது, போனில் இருக்கிற ஆப் அதற்கு முதல் நாளைக் காட்டுகிறது, எது சரி என்று கேட்டிருந்தாய். "பிழையான நாளில் பிடித்தால் அப்பாவுக்குப் போய்ச் சேராதா பெரியப்பா" என்று கடைசியில் ஒரு வரி. அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் விறாந்தையில் போய் இருந்தேன். போனில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

நான் முப்பது வருடம் இந்தத் துறைமுகத்தில் இழுவைப் படகில் நின்றவன். எங்கள் அறைச் சுவரில் டைட் டேபிள் ஒன்று எப்போதும் தொங்கும். கடல் எத்தனை மணிக்குப் பெருகும், எத்தனை மணிக்கு வற்றும் என்று வருடம் முழுவதற்கும் கணித்து அச்சடித்தது. திருகோணமலையில் வற்றும் பெருக்கும் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். ஆனாலும் அமாவாசையை ஒட்டியும் பறுவத்தை ஒட்டியும் படிக்கட்டில் இன்னொரு படி நனைந்திருக்கும். நிலவை அண்ணாந்து பார்க்காமலே அந்தப் படியைப் பார்த்து நாள் சொல்லுகிற ஆட்கள் எங்களோடு வேலை செய்தார்கள். எங்கள் டேபிளை வைத்துக்கொண்டு கொழும்பில் எவனும் கப்பலைத் துறையில் கட்ட மாட்டான். நிலவு ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு துறைக்கும் தனித்தனி டேபிள்.

பஞ்சாங்கமும் அப்படித்தான் மகன். இங்கே அச்சடித்த கலண்டர் இந்த மண்ணின் சூரிய உதயத்துக்குக் கணித்தது. அதை டொரொண்டோவில் சுவரில் மாட்டு, ஊர் நினைவுக்கு நல்லது. விரதத்துக்கு அதைப் பார்க்காதே.

திதி என்றால் என்ன என்று உனக்கு யாரும் விளக்கிச் சொன்னதாகத் தெரியவில்லை. சூரியனை விட்டு சந்திரன் 12 பாகை விலகினால் ஒரு திதி. அப்படி 30 திதி போனால் ஒரு சுற்று, ஏறக்குறைய இருபத்தொன்பதரை நாள். சந்திரன் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. அதனால் ஒரு திதி 19 மணித்தியாலத்திலும் முடியும், 26 மணித்தியாலத்துக்கும் நீளும். நடுச்சாமத்தில் தொடங்கவேண்டும் என்ற கட்டாயமும் அதற்கு இல்லை. உலகம் முழுவதற்கும் அது ஒரே கணத்தில்தான் தொடங்குகிறது. அந்தக் கணத்தில் எங்கள் மணிக்கூட்டில் ஒரு நேரம், உங்கள் மணிக்கூட்டில் வேறொரு நேரம்.

2023ஆம் ஆண்டை எடு. அந்த வருடம் ஆடியில் இரண்டு அமாவாசை வந்தது: ஆடி 1, பிறகு ஆடி 31. எங்கள் வீட்டில் இரண்டாவதைப் பிடித்தோம். அந்த அமாவாசைத் திதி இங்கே ஆகஸ்ட் 15 மத்தியானம் 12.40 போலத் தொடங்கி, 16ஆம் திகதி பின்னேரம் மூன்று மணி கடந்து முடிந்தது. எங்களுக்கு நாள் 16. அதே திதி உங்கள் ஊரில் 15ஆம் திகதி விடியப்புறம் மூன்று மணிக்குப் பிறகு தொடங்கி, 16ஆம் திகதி சூரியன் எழும்ப முன்னமே முடிந்துவிட்டது. அங்கே இருக்கிறவனுக்கு நாள் 15. நம்முடைய கலண்டரைப் பார்த்து அங்கே ஒருவர் 16இல் இலை போட்டிருந்தால், அமாவாசை போய்ப் பிரதமையில் படைத்திருப்பார். உன் ஆப் சொல்வது பிழை இல்லை என்று இப்போது விளங்கும்.

இன்னொன்றும் பார்க்கவேண்டும். ஒவ்வொரு விரதத்துக்கும் அதனதன் நேரம் உண்டு. ஏகாதசிக்கு விடியற்காலை முக்கியம். பிரதோஷத்துக்குச் சூரியன் சாய்கிற வேளை. சங்கடகர சதுர்த்திக்கு நிலவு எழும்புகிற நேரம். சிவராத்திரி என்றால் நடுச்சாமத்தில் சதுர்த்தசி நிற்கவேண்டும். பிதிர்க்கடனுக்கு மத்தியானமும் அதை ஒட்டிய பின்னேரமும். ஆகவே "இன்றைக்கு என்ன திகதி" என்று தேடாதே. "நான் இலை போடுகிற நேரத்தில் என் ஊரில் என்ன திதி நிற்கிறது" என்று தேடு. உங்கள் பக்கத்துக் கோயில் குருக்கள் அதைக் கணித்துத்தான் அறிவித்தல் போடுவார். அவர் சொல்கிற நாளைப் பிடி.

வாக்கிய பஞ்சாங்கமா, திருக்கணித பஞ்சாங்கமா என்று அங்கே யாராவது சண்டைக்கு வந்தால் தள்ளி நில். நம் வீட்டில் எப்போதும் வாக்கியம்தான். அதில் சந்திரனுக்கு 248 வாக்கியங்கள் உண்டு. அவற்றை மனப்பாடம் செய்து கணித்தார்கள். 1825இல் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் நிலத்தில் சோழிகளைப் பரப்பி, ஏடு எதையும் பார்க்காமல் சந்திர கிரகணம் ஒன்றைக் கணித்துக் காட்டியதை வாரன் என்ற வெள்ளைக்காரர் எழுதி வைத்திருக்கிறார். தொடக்கத்தில் 4 நிமிடம்தான் வித்தியாசம், முடிவில் 52 நிமிடம். திருக்கணிதம் அந்த வித்தியாசத்தைத் திருத்திக்கொண்டது. இரண்டிலும் உழைப்பு இருக்கிறது, இரண்டையும் மதி.

நிலவைப் பார்த்து ஊரே நாள் எண்ணிய காலமும் ஒன்று இருந்தது. நானும் உன் அப்பாவும் சின்னப் பெடியன்களாக இருந்தபோது, 1966இலிருந்து 1971 வரை, இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை லீவு இல்லை. போயாவுக்குத்தான் லீவு. அமாவாசை, பறுவம், இடையில் வருகிற இரண்டு அரை நிலவு பார்த்து வாரம் ஓடியது. சில வாரத்துக்கு ஏழு நாள், சிலதுக்கு எட்டு. வெளிநாட்டோடு கொடுக்கல் வாங்கல் ஒத்துவரவில்லை என்று விட்டுவிட்டார்கள். எனக்கு அதில் கவலைதான். இன்றைக்கு என்ன பிறை என்று தெரியாத பிள்ளை அப்போது எங்கள் வகுப்பில் இல்லை.

இனி, விரதம் பிடிக்கிற விதம். நீ இரவு வேலை முடித்து வருகிறவன். தண்ணீரும் குடிக்காமல் கிடக்காதே. நம் பரம்பரையில் சீனி வியாதி இருக்கிறது. டாக்டரிடம் கேட்டுவிட்டுப் பாலும் பழமும் எடு. உன் அப்பா விரத நாளிலும் விடிய ஒரு பிளேன்டி குடித்தவர்தான். முழுகி, மரக்கறி சமைத்து, அவர் படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைத்து, காகத்துக்கு வைத்துவிட்டு நீ சாப்பிடு. அம்மா இருக்கிறா, ஆகவே தாய்க்குப் பிடிக்கிற சித்திரா பௌர்ணமி உனக்கு இல்லை. அதைப் பிடிக்கிற காலம் நெடுநாள் வராமல் இருக்கட்டும்.

போய்ச் சேருமா என்று கேட்டாயே. ஊரடங்குச் சட்டம் போட்டிருந்த ஒரு ஆடி அமாவாசை. கோணேசர் மலையடிக் கடல் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான், போக முடியவில்லை. நான் அழாத குறையாக நின்றேன். உன் அப்பா ஒன்றும் பேசாமல் கிணற்றில் இரண்டு வாளி அள்ளி என் தலையில் ஊற்றினார், பிறகு தன் தலையில் ஊற்றினார். ஈரவேட்டியோடு கிணற்றுக்கட்டில் எங்கள் ஐயாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டோம். உப்பில்லாத தண்ணீர் என்று நான் சொன்னேன். "ஐயாவுக்கு நம்முடைய கை தெரியும்" என்றார்.

படையலுக்குக் காத்தோட்டிக்காய் அங்கே கிடைக்குமோ தெரியாது. வற்றலாகப் போட்டு வைத்திருக்கிறேன், அடுத்த மாதம் வருகிற ஆளிடம் கொடுத்துவிடுகிறேன். முதலில் அவித்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் பொரி, இல்லாவிட்டால் கைப்பு தாங்காது. உன் அப்பா கைப்போடேயே சாப்பிடுவார், அவர் இலைக்கு இரண்டை அவிக்காமல் பொரித்து வை.

உன்
பெரியப்பா